துடிப்பு எத்தனை என்று கேளுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், படித்தது பி.காம். வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நம் குடியிருப்பில் இப்போது மூன்று பெண்கள் மாசமாக இருக்கிறார்கள். அதனால்தான் பேசச் சம்மதித்தேன்.

1988-ல் என் மனைவிக்கு முதல் கர்ப்பம், எட்டாம் மாதம். ஒருநாள் மத்தியானத்திலிருந்து அசைவே தெரியவில்லை என்றாள். "பிள்ளை தூங்குது, காலையில் பார்ப்போம்" என்றேன். காலையில் நர்சம்மா வயிற்றில் குழலை வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்றும் பேசாமல் டாக்டரைக் கூப்பிடப் போனார். அந்தப் பிள்ளை எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரவே போயிருந்தால் பிழைத்திருக்குமா, தெரியாது. போகவில்லை என்பது மட்டும் என் கணக்கில் இருக்கிறது.

அந்தக் குழலை 1895-ல் வடிவமைத்தவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பினார். நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் படிப்பை முடித்த 1912-ல் டாப்ளரும் இல்லை, ஸ்கேனும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. டாப்ளரில் மூன்றாம் மாதக் கடைசியிலேயே துடிப்பு கேட்கும்.

பிரசவ நேரத்தில் பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. நம் துடிப்பைவிட வேகம்தான், பயப்படாதீர்கள். பரிசோதனைக்குப் போகும்போது "துடிப்பு எத்தனை?" என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்குங்கள்.

பிரசவ அறையில் சி.டி.ஜி. என்ற கருவியை வைப்பதுண்டு. வயிற்றில் இரண்டு பட்டை கட்டுவார்கள். ஒன்று துடிப்பையும் மற்றது வலியையும் தாளில் கோடாக வரையும். வலி வரும்போது துடிப்பு சற்று இறங்கி உடனே ஏறலாம். வலி விட்ட பிறகும் ஏறத் தாமதித்தால்தான் டாக்டர்கள் உஷாராவார்கள். பாஸ்புக்கில் ஒரு வரியை வைத்து கணக்கை முடிவு செய்வோமா? அதுபோல, ஒரு எண்ணைப் பார்த்து நாம் பதறக் கூடாது.

"எங்கள் பெண்ணுக்கு ஏன் மெஷின் மாட்டவில்லை?" என்று சண்டையும் போடாதீர்கள். சிக்கல் இல்லாத தாய்க்கு வலி கூடிய பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்டால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், சர்க்கரை, பிள்ளை வளர்ச்சிக் குறைவு, வலிக்கு டிரிப்ஸ் ஏற்றுவது என்றால் தொடர்ந்து கவனிப்பார்கள்.

ஆன்லைனில் டாப்ளர் வாங்கி வீட்டிலேயே கேட்டுத் திருப்திப்பட வேண்டாம். தாயின் நாடியையே பிள்ளையின் துடிப்பு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. துடிப்பு கேட்டதாலேயே பிள்ளை நலம் என்றும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் நமக்குள்ள கருவி அசைவுதான். ஏழு மாதத்துக்குப் பிறகு, அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகப் பட்டால் இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு இல்லையென்றாலோ, எண்ணிய பிறகும் மனசு உறுத்தினாலோ உடனே கிளம்புங்கள். அசைவே இல்லையென்றால் எண்ணிக்கொண்டும் இருக்காதீர்கள். அன்னவாசலிலிருந்து ராத்திரி எப்படிப் போவது என்று யோசிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை, என் கதவைத் தட்டுங்கள், கார் இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "காலையில் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.