ஒரு சாண் சுவர்



லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டில் மணக்கும். அந்த வீட்டுப் பாட்டி இரவில் இருமினால் நமக்குத் தூக்கம் கெடும். நடுவில் சுவர் இருக்கும்போது இது எப்படி? சுவர் இருக்கிறது, ஆனால் கூரைவரை இல்லை. பல பழைய லயங்களில் தடுப்புச் சுவர் ஓர் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே, ஒரு கோடி முதல் மறு கோடிவரை எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை வெளி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, நாங்கள் குடியிருந்த லயத்தின் கோடி வீட்டில் தீப்பிடித்தது. மலைக் குளிருக்கு மூட்டிய கரியடுப்புதான் காரணம். எங்கள் வீடு நான்காவது. மூன்று சுவர் தாண்டித்தானே தீ வரவேண்டும் என்று அப்பா நினைத்தார். சாமான்களை எடுக்க உள்ளே போனார். அதற்குள் மேலிருந்து கரும்புகை இறங்கிவிட்டது. சூடான புகை மேலேதான் ஏறும். கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் ஓடும். பிறகு அடுத்த வீட்டுக்குள் இறங்கும். அப்பா தவழ்ந்து வெளியே வந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் எங்கள் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் எரிந்துபோயின. அதை மறுபடியும் எடுக்க அம்மா எத்தனை நாள் கூலியை இழந்தார் என்பது வேறு கதை.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அதன் பெயர் 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகள். 1974இல் வந்த சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை. அதில் 86ஆம் விதி, இரு வீடுகளுக்குப் பொதுவான சுவரைப் பற்றியது. அந்தச் சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனம் இருக்கவேண்டும். கூரையின் மேற்பரப்பையும் தாண்டி 225 மில்லிமீட்டர் உயரவேண்டும். 225 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாண் இருந்திருந்தால் கோடி வீட்டுத் தீ எங்கள் கூரைக்கு வர நேரம் பிடித்திருக்கும். பத்திரங்களை எடுக்க அந்த நேரம் போதும்.

இந்த விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருவது யார் என்று பலருக்குத் தெரியாது. தீயணைப்பு 1976 முதல் நாடு முழுவதற்கும் ஒரே மத்தியத் துறை. ஆனால் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் அரசிதழில் வெளியிட்டால்தான் இந்தக் கட்டட விதிகள் அங்கே செல்லும். 2012இல் திருத்தங்கள் வந்தபோதும் இதே கதைதான். எல்லா மாநிலமும் ஒரே நாளில் ஏற்கவில்லை. சரவாக்கில் 1994இல் வந்த தனிக் கட்டடச் சட்டம் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரிது. அங்கே இரண்டு மாதிரி நூல்கள் போட்டியிடுகின்றன. ஒன்று அனைத்துலகத் தீ விதித் தொகுப்பு. மற்றொன்று, 1896இல் தொடங்கிய தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் தொகுப்பு. நியூயார்க் மாநிலம் முதலாவதைத் தழுவியது, ஃபுளோரிடா இரண்டாவதைத் தழுவியது. நம் பூர்வீக மண்ணிலும் தேசியக் கட்டட விதித் தொகுப்பு ஒன்று உண்டு. ஆனால் அது பரிந்துரைதான். மாநிலம் தன் சட்டத்தில் சேர்த்தால்தான் கட்டாயமாகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் இறந்தார்களே, அன்றைக்கும் அந்தத் தொகுப்பு அச்சில்தான் இருந்தது. ஆசிரியன் என்ற முறையில் அந்தச் செய்தியை இன்றும் என்னால் நிதானமாகப் படிக்க முடிவதில்லை.

எந்தத் தொகுப்பு சிறந்தது? நான் பொறியாளன் அல்லன். ஆனால் தீயணைப்பு அதிகாரியும், மாவட்ட மன்றமும், தோட்ட அலுவலகமும் ஒரே நூலைக் கையில் வைத்துப் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன். மூவரும் மூன்று நூலைப் புரட்டினால், சுவர் பாதியில்தான் நிற்கும். மாநிலம் திருத்தங்களைத் தாமதமின்றி முழுமையாக ஏற்கவேண்டும். அத்தோடு, இந்த விதி எந்தக் கட்டடத்துக்குச் செல்லும் என்பதையும் கேட்கவேண்டும். புதிதாகக் கட்ட வரைபடம் கொடுக்கும்போதுதான் சுவரின் அளவைப் பார்ப்பார்கள். ஐம்பது, அறுபது வருடப் பழைய லயத்தைத் தேடிக்கொண்டு அந்த விதி வராது. தோட்ட வீடுகளுக்கென்று 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் உண்டு; 2019இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். அதைப் பார்ப்பது தொழிலாளர் இலாகா. இப்படி ஒரு சுவருக்கு இரண்டு வீட்டுக்காரர்கள்! ஆகவே வீடுகளைப் பழுதுபார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், சாயம் பூசுவதைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். தடுப்புச் சுவருக்கு மேலே உள்ள இடைவெளியை எரியாத பொருளால் கூரைவரை அடைத்துத் தரும்படி தொழிற்சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். பலகை வைத்து அடைத்தால் பயனில்லை, பலகையே விறகுதான்.

இன்னொரு விதியையும் சொல்லவேண்டும். 173ஆம் விதி: வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கவேண்டும். இது குடும்ப வீட்டுக்கென்று எழுதியதல்ல. ஆனாலும் காரணம் நமக்கும் பொருந்தும். 1911இல் நியூயார்க்கில் சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் கதவைப் பூட்டி வைத்திருந்ததால் வெளியேற வழியின்றிப் பலர் சிக்கினார்கள். அந்தத் தீயில் 146 பேர் மாண்டார்கள். 2017 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது 23 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். சன்னல்களில் இரும்புக் கிராதி. திருடனுக்குப் பயந்து நாமும் கிராதி போட்டுப் பெரிய பூட்டாகத் தொங்கவிடுகிறோம். விடியற்காலையில் பெற்றோர் கொழுந்து பறிக்கப் போகும்போது, பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிற வீடுகளும் உண்டு. என் வகுப்பில் கேட்டேன். நாலு பேர் கை தூக்கினார்கள்.

அந்த நாலு பேருக்கும் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சாவி ஒன்றை உள்பக்கம் கதவருகே, உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். இருட்டில் தடவி எடுத்துத் திறக்க ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். புகை வந்தால் தரையோடு தவழ்ந்து வெளியே போகவேண்டும். வெளியே வந்த பிறகு 999க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் லயத்தின் எண்ணையும் சொல்லவேண்டும். மலைப்பாதையில் வண்டி எந்தத் திருப்பத்தில் இறங்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவேண்டுமே.