பற்ற மறுக்கும் அடுப்பு

(ஜொகூர் ரப்பர்த் தோட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் வீட்டில் அடுப்பு பற்ற மறுத்தால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பசியாறல் இல்லை. வெளிக்காட்டுக்குக் கொண்டு செல்லத் தேநீரும் இல்லை. ஆகவே அடுப்பைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம்.

அண்மையில் லயத்து வீடொன்றிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பழைய அடுப்பு பற்றவில்லை என்பதறிந்து, சிங்கப்பூரில் பணிபுரியும் மகன், தாம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் பயன்பட்ட அடுப்பொன்றைத் தாயாருக்கெனக் கொண்டுவந்திருந்தார். பளபளப்புக் குன்றாத அடுப்பு. தோம்பில் இணைத்துப் பற்றவைத்தபோது முதலில் தீ பிடிக்கவில்லை. குமிழை மீண்டும் மீண்டும் திருப்பியபின், குப்பென்று மஞ்சள் நிறத் தீ எழுந்தது. அம்மையாரின் முன்கை மயிர் கருகியது, அம்மட்டோடு தப்பினார். பானையின் அடியெல்லாம் கரி. “ராசியில்லாத அடுப்பு, ஐயா” என்றார் அவர். அடுப்பின்மீது குற்றமில்லை, அன்போடு சுமந்து வந்த மகன்மீதும் குற்றமில்லை. அந்த அடுப்புக்குரிய வாயு வேறு, நம் தோம்பில் உள்ள வாயு வேறு.

சிங்கப்பூரில் சில வீடுகள் நம்மைப் போலவே தோம்பு வாயுவைப் பயன்படுத்துகின்றன. ஏராளமான வீடுகளுக்கோ, தண்ணீர் வருவதுபோல், நிலத்தடிக் குழாய் வழியாக எரிவாயு வருகிறது. இதற்கு நகர வாயு என்று பெயர். தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், காலாங் பகுதியில், 1862ஆம் ஆண்டில் எரிவாயு ஆலையொன்று இயங்கத் தொடங்கியது. நிலக்கரியிலிருந்து அங்கே எடுக்கப்பட்ட வாயுவால் 1864ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. சீன மக்கள் அவ்விடத்தை நெருப்பு நகரம் என்றே அழைத்தனர். அவ்வாலை 1998ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று நகர வாயு செனோக்கோவில் இயற்கை வாயுவைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது.

நகர வாயுவில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன். நம் தோம்பில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். ஒரே கொள்ளளவு வாயுவை எடுத்து எரித்தால், தோம்பு வாயு ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம் தரும். ஆகவே நகர வாயு அடுப்பில் வாயு வெளிப்படும் துளை பெரிது. தோம்பு அடுப்பில் அது ஊசிமுனை போன்றது. பெரிய துளை வழியே தோம்பு வாயு பாய்ந்தால், எரியப் போதுமான காற்று கலப்பதில்லை. மஞ்சள் தீயும் கரியும் அதனால்தான். மணமற்ற நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடும் அதில் உண்டாகும். இங்கே வாங்கிய அடுப்பை அங்குள்ள மகள் வீட்டுக்குச் சீராகக் கொண்டுசென்றாலும் துன்பமே. அங்கு அது சிணுங்கி அணையும். அடுப்பின் அடியில் அல்லது பக்கத்தில் உள்ள தகட்டில் எந்த வாயுவுக்கு உரியது என்று எழுதியிருக்கும். பொட்டலத்தைக் கட்டுமுன் அதைப் படித்தறிதல் வேண்டும்.

“துளையைச் சிறிதாக்கிக்கொள்ளலாமா?” என்று அம்மையார் வினவினார். கம்பி, ஈயம் எதுவும் கூடாது. சில வகை அடுப்புகளுக்கு மாற்றுப் பாகங்கள் உண்டு; அவற்றைப் பொருத்துவது பயிற்சி பெற்றவர் வேலை.

பின்னர் மூலையில் கிடந்த பழைய அடுப்பை எடுத்துவரச் செய்தோம். முதலில் மோந்து பார்த்தோம். வாயுவின் நாற்றம் இருந்தால் தீக்குச்சியை எண்ணவும் கூடாது. மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தோம்பை மூடிக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். தோம்பு வாயு காற்றினும் கனமானது. தரையோடு படிந்து கிடக்கும். அங்கு நாற்றமில்லை. தோம்பைத் தூக்கிப் பார்த்தோம், கனமிருந்தது. ரெகுலேட்டர் சரியாக அமர்ந்திருந்தது. ரப்பர்க் குழாய் மடியவில்லை, வெடிக்கவில்லை. ரப்பரின் குணம் உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று! இணைப்புகளில் சோப்பு நீர் தடவினோம், குமிழி எழவில்லை.

பர்னரின் மூடியைக் கழற்றியபோதுதான் உண்மை புலப்பட்டது. பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து துளைகளை அடைத்திருந்தது. கழுவிய ஈரமும் உள்ளே தங்கியிருந்தது. ஊறவைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மூடியைக் கோணாமல் பொருத்தினோம். முதல் திருப்பில் பற்றாதபோது, குமிழை மூடிச் சில நிமிடம் பொறுத்திருந்தோம். தேங்கிய வாயு கலையாமல் மறுபடி பற்றவைப்பதால்தான் முகத்தில் தீ எழுகிறது. அடுத்த முறை நீலத் தீ வட்டமாக நின்றது.

சிங்கப்பூர் அடுப்பை மகன் திரும்பச் செல்லும்போது எடுத்துச் செல்வதென முடிவாயிற்று. பழைய அடுப்பில் கொதித்த தேநீரை அருந்திவிட்டே நாம் விடைபெற்றோம்.