சினிமாவும் நம் குடும்பமும்

(புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் ஞாயிறு மாலை நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் மழை நாள் கூலியைப் பற்றியும் பேசிப் பேசித் தொண்டை காய்ந்துபோன நாம், இன்று சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கு வேறு வேலையே இல்லையா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது ஐயா. அதனால்தான் வந்தோம்.

சென்ற மாதம் சந்தா விஷயமாக இப்பக்கம் வந்தபோது ஒரு வீட்டில் தேநீர் குடித்தோம். வீட்டுக்காரர் வெட்டு முடித்து, பால் நிறுத்துவிட்டு வந்து, களைத்து உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு மூலையில் கைத்தொலைபேசியில் ஒரு படம் பார்க்கிறான். மகள் மறு மூலையில் வேறொரு படம் பார்க்கிறாள். தாயாருக்குத் தொலைக்காட்சியில் அழுகைத் தொடர். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பேச்சு இல்லை! மகன் சிரம்பானில் படிக்கிறவன். பள்ளிப் படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'சொந்த வியாபாரம்' என்று எழுதிக் கொடுத்தானாம். பால்மரம் வெட்டுகிறார் என்று எழுத வெட்கம்! தகப்பனாரே இதைச் சிரித்துக்கொண்டு நம்மிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் நம் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நம் யோசனை இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, இந்த மண்டபத்தில், எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்ப்போம். பார்த்த பிறகு பேசுவோம். சண்டை போட்டாலும் சரி. முன்பெல்லாம் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது கிராணி ஐயாமாருக்கு நாற்காலி, நமக்குத் தரை. இம்முறை எல்லோருக்கும் பாய்தான். இடுப்பு வலிக்கும் கிராணிமார் முன்கூட்டியே சொல்லிவிடுக!

என்ன படம் பார்ப்பது? முதலில் சிரிப்போம். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' தெரியாதவர் உண்டோ? தோட்டத்து முதலாளியாக டி. எஸ். பாலையா, படம் எடுக்கப் பணம் கேட்டு அவர் உயிரை வாங்கும் மகனாக நாகேஷ். நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்லப் பாலையாவின் முகம் போகிற போக்கைப் பார்க்க நூறு கண் வேண்டும். கதாநாயகன் ரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்தவர். அதுவே அவருக்கு முதல் படம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்துக் கோஷம் போடுகிறான் அல்லவா? அந்த இடத்தில் நம் தோட்டங்களில் கைதட்டல் அதிகம். (வேலை நீக்கத் தகராறுக்கு அந்த வழியை நாம் சிபாரிசு செய்யவில்லை. தொழில் நீதிமன்றம் இருக்கிறது.)

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வேண்டுமென்றால் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. 1986இல் வந்தது. அலுவலகக் குமாஸ்தா ஒருவர்; மூத்த மகன் வீட்டுக்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறான்; வீட்டின் நடுவே கோடு விழுகிறது. சம்பளம் வாங்கும் மகன் உள்ள எந்த வீட்டில் இந்தக் கோடு இல்லை? சிலர் வீட்டில் அது கண்ணுக்குத் தெரிகிறது, சிலர் வீட்டில் தெரியவில்லை, அவ்வளவே. மனோரமா வேலைக்காரியாக வந்து ஒரு காட்சியையே விழுங்கிவிடுகிறார். முடிவில் மருமகள் லட்சுமி சொல்லும் தீர்மானத்தை நாம் இங்கே சொல்லமாட்டோம். மாமியார்மாரும் மருமகள்மாரும் அன்றிரவு பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பது மட்டும் நம் வேண்டுகோள்.

நிற்க. 'பராசக்தி'யை (1952) வசனத்துக்காக மட்டும் பார்த்தவர்கள் மறுபடி பார்க்கவேண்டும். கலைஞரின் வசனமும் சிவாஜியின் முதல் தோற்றமும் ஒரு பக்கம் இருக்கட்டும். கதை என்ன? அண்ணன்மார் ரங்கூனில், தங்கை மதுரையில். நடுவில் யுத்தம். கப்பலில் ஒருவனுக்குத்தான் இடம். ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். அங்கும் பிச்சைக்காரர்களுக்குச் சங்கம் அமைக்கப் பார்க்கிறான்! கடல் கடந்த தமிழ்க் குடும்பம் யுத்தத்தில் சிதறிய கதை அது. 1942க்குப் பின் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தாத்தா நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? பாட்டி சொல்லக் கேட்டும் கேளாமல் இருந்த பிள்ளை, படத்தைப் பார்த்துவிட்டாவது கேட்கட்டும்.

'பாசமலர்' (1961) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவாஜிக்கும் சாவித்திரிக்கும் அழுது முடித்தபின், தொழிலாளர் பக்கம் நின்று முதலாளியோடு மோதும் ஜெமினி கணேசனையும் சற்றுக் கவனியுங்கள். நேற்றுத் தொழிலாளியாக இருந்தவன் இன்று முதலாளியானதும் எப்படிப் பேசுகிறான் என்பதும் அங்கே இருக்கிறது.

இவையெல்லாம் அங்கிருந்து வந்த படங்கள். நம் மண்ணில் எடுத்த படங்களையும் சொல்லவேண்டும். அவைதான் அந்தப் பையனுக்கு மருந்து. 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். 1960களின் தோட்டம், பல்கலைக்கழகத்துக்குப் போகத் துடிக்கும் ஒரு பெண், ஏழைக் குடும்பம். அடிதடி கிடையாது, வேகம் குறைவு. விசிலடிக்க வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள். நாம் தூங்கவில்லை.

அடுத்து, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015). கெட்டவன் என்ற பொருளுள்ள மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1990களில், தோட்டத்தைவிட்டு வெளியே தள்ளப்பட்டுப் பட்டணத்து ஓரத்தில் ஒண்டிய குடும்பம். அப்போய் என்ற சிறுவன் கெட்டிக்காரன். ஆனால் அவன் கெட்டிக்காரத்தனம் பள்ளிக்கூடத்துக்குப் புரியவில்லை. தகப்பன் மணியத்துக்கு அடிக்க மட்டுமே தெரிகிறது. பிள்ளை குண்டர் கும்பலில் உள்ள சிற்றப்பன் பக்கம் சாய்கிறான். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் மொழியில் இல்லாத படங்களைத் தனியே ஒதுக்கப் பார்த்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, விதியை மாற்றினார்கள். மாற்றியபின் சிறந்த மலேசியப் படம் என்ற பரிசைப் பெற்றது எது? இந்தத் தமிழ்ப் படமே! படிவத்தில் மறைத்து எழுதிய வாழ்க்கைக்குத்தான் நாடு பரிசு கொடுத்தது. அடிதடியும் கெட்ட வார்த்தையும் இருப்பதால் சிறுபிள்ளைகளை அன்று ஆயா வீட்டில் விட்டுவிடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் கட்டாயம் வரட்டும். தகப்பன்மார் அவர்களுக்கு முன்னால் வரட்டும். பிரம்பை எடுக்கும் கை, அந்த மணியத்தைப் பார்த்துச் சற்று நிற்கும் என்பது நம் நம்பிக்கை.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து ஓடவேண்டாம். அரைமணி நேரம் தேநீர் உண்டு. பிள்ளைகள் முதலில் பேசட்டும், பெரியவர்கள் குறுக்கிடக்கூடாது. இது கொஞ்சம் கஷ்டமான விதிதான்.

இனி, முதல் சனிக்கிழமைக்கு எந்தப் படம்? கையைத் தூக்குங்கள். தாய்மார்களின் கைகளை முதலில் எண்ணுவோம்.