சுருதி கூட்டுவோரும் மரவேலை வல்லோரும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலே ஆண்டு முழுவதும் ஒரே காற்று வீசுவதில்லை. ஆனி, ஆடியிலே கச்சான் வீசி மரத்தையும் மண்ணையும் உலர்த்திவிடும். கார்த்திகை, மார்கழியிலே வாடையும் மாரியும் வந்து, உலர்ந்தவற்றை ஊறவைக்கும். இம்மாற்றத்தால் மிகவும் அல்லற்படும் இசைக்கருவி பியானோ. ஈரத்தில் அதன் ஒலிப்பலகை பருத்துச் சுருதி ஏறும்; வறட்சியில் சுருங்கிச் சுருதி இறங்கும்.

பியானோவினுள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள் உள. அவையனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை 18 தொன் அளவினது. ஒவ்வொரு கம்பியின் நுனியும் ஓர் உருக்கு முளையிலே சுற்றப்பட்டிருக்கும். அம்முளைகளை இறுகப் பற்றி நிற்பது, இரும்புச் சட்டத்தின் கீழே மறைந்திருக்கும் வன்மரப் பலகை. சுருதி கூட்டுபவர் திருகுவது முளையை. முளையைத் தாங்குவதோ பலகை. பலகை வெடித்துவிட்டால், இன்று கூட்டிய சுருதி நாளை நில்லாது.

இவ்விடத்திலேதான் அவருடைய நேர்மை சோதனைக்குள்ளாகின்றது. முளையைச் சற்று உள்ளே அடிக்கலாம். பருத்த முளை ஒன்றை மாற்றியும் இடலாம். சிறு தளர்வுக்கு இவை தக்க பரிகாரங்களே. வெடித்த பலகைக்கு இவை பயன்படா. கம்பிகளை எல்லாம் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தூக்கி, புதுப்பலகையை மயிரிழை பிசகாமற் பொருத்தல் வேண்டும். அது மரவேலை வல்லார் தொழில். செம்புச் சுற்றிட்ட தடித்த கம்பிகளை ஆக்குவோர் வேறு. சுத்தியல்களுக்குக் கம்பளம் போர்த்துவோர் வேறு. நுண்ணிய செவி படைத்தவருக்கு உளி பிடிக்கும் கையும் வாய்த்திருக்கும் என எதிர்பார்ப்பது முறையன்று.

“இஃது என் வேலையன்று, இன்னாரிடம் கொடுங்கள்” என்று அவர் கூறினால், ‘இவருக்குத் தொழில் தெரியாதோ?’ என்று ஐயுறுவோர் உளர். மத்தள ஓசையிலே வளர்ந்த கூத்து நாட்டாருக்கு இவ்வையம் எழ நியாயமில்லை. மத்தளத்தை வாசித்துக் கூத்தை நடத்துபவர் அண்ணாவியார்; கிழிந்த தோலை மாற்றி வார் பிடிக்க அதற்கென்றே தொழிலறிந்த கை வேண்டும். மிருதங்க மேதை பாலக்காட்டு மணி ஐயரும் தம் கருவிகளுக்குத் தஞ்சாவூர்ப் பர்லாந்து என்னும் கைவினைஞரையே நம்பியிருந்தார். ஐயர் பெயரை அறிந்தோர் பலர். பர்லாந்தின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். அது வேறு கதை.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேலாகும். பாரமான பியானோவை லொறியிலே ஏற்றுமுன், பழுது எங்கே உளது, கருவி அச்செலவுக்குத் தகுமா என்பவற்றைச் சுருதி கூட்டுபவரே எழுதிக் கொடுத்தல் நன்று. தகாதெனின், அதையும் தம் கூலியைப் பெறுமுன்னரே சொல்லிவிட வேண்டும்.