பழைய எந்திரத்திற்கு உரை தேடுதல்



இலக்கிய மேடையில் ஸ்பேனரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் புன்னகைத்தீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாழ்கிற நமக்கு அஃது அயலான பொருளன்று. இராமாநுசர் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட இவ்வூருக்கு, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியபின் மற்றொரு முகமும் வாய்த்தது. 2013இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் ஆலை திறந்தது. 2017இல் வல்லம் வடகாலிலும் திறந்தது. இந்த ஆலைகளில் ஷிப்டு பார்க்கிற இளைஞர் சிலர், விடுமுறை நாளில் பழைய புல்லட் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். வாரமெல்லாம் புதிய எந்திரம் பூட்டுகிறவர், ஓய்வு நாளில் பழைய எந்திரத்திடம் மாணவராகப் போவானேன்? அதுவே என் உரைப்பொருள்.

புல்லட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பின்னர் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. தாய் நிறுவனம் 1970இல் உற்பத்தியை நிறுத்திற்று. சேய் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எந்திரம் 2010ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை பெரிய மாற்றமின்றி வந்தது. மூலநூல் மறைந்தும் வழிநூல் வாழ்ந்த கதை நமக்குப் புதிதா என்ன!

புதிதாகக் கற்பவரை முதலில் திகைக்க வைப்பவை மரைகள். பழைய வண்டியில் பல இடங்களில் பிரிட்டிஷ் அங்குல மரைகள்; மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது, வலிந்து திருகினால் நட்டின் முனை மழுங்கும். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த முறையில் ஸ்பேனரின்மேல் பொறித்த எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. உள்ளே இருக்கும் போல்ட்டின் பருமனைக் குறிப்பது. கால் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் கால் அங்குலத்தைவிடப் பெரிது. சொல் ஒன்றைச் சுட்ட, பொருள் உள்ளே வேறிடத்தில் இருக்கிறது. இறைச்சிப்பொருள் கற்ற நாம் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது உதைத்துக் கிளப்புதல். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். டீகம்ப்ரஷரை அழுத்திப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட வேண்டும். அதை விடுத்தபின்பே உதைக்க வேண்டும். வலிமை ஒன்றையே நம்புகிறவரைக் கிக்கர் திருப்பி உதைத்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது டேப்பட் சரிசெய்தல். எந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நின்று இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். அந்நிலையில் வால்வைத் தள்ளும் நெடுங்கோலை இரு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் அளவு. தகடு வைத்து அளப்பதில்லை, விரல்தான் அளவுகோல். "விட்டும் விடாம இருக்கணும்" என்று நம்மூர் மெக்கானிக் ஒருவர் சொல்லக் கேட்டேன். சீரின் இடையே தளை பார்க்கும் கவிஞர்களே, இதைவிடச் செறிவாக நம்மால் சொல்ல முடியுமா?

2020இல் புதிய புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபின் இவ்வண்டிகளிலும் கார்புரேட்டர் போய்ப் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. பழுதானால் விளக்கு எரிகிறது. கருவியை இணைத்தால் குறியீடு வருகிறது. நன்மைதான், நான் அதைப் பழிக்க வரவில்லை. ஆயினும் குறியீட்டைப் படிப்பது வேறு, நோயாளியின் நாடி பார்ப்பது வேறு. ஓய்வு நாளில் நம் இளைஞர் தேடிப்போவது இரண்டாவதைத்தான் என்று கருதுகிறேன்.

அந்த அறிவு கையேட்டில் பாதியே உண்டு. மீதி, எண்ணெய்க் கறை படிந்த முதியவர்களிடம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தபோது தமிழ் அறிந்திருந்தார், சமணம் அறிந்திருக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களின் இல்லந்தேடிச் சென்று கேட்டார். 1887இல் நூல் வெளிவந்தது. கேட்பதற்கு அவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பட்டறைகளிலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள், இன்றைக்கு. அவர்களுடைய பிள்ளைகள் பலர் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் குற்றமில்லை, மாதச்சம்பளம் மாதச்சம்பளம்தான்.

அவர்களுடைய மொழியையும் கேளுங்கள். மரை, திருப்புளி, பட்டறை என்பவை அங்கே நாளும் புழங்குகின்றன. நட்டும் போல்ட்டும் கிக்கரும் தமிழ் விகுதி ஏற்றுத் தமிழாய் நடக்கின்றன. கலைச்சொல் அகராதி ஆக்குவோர் அவ்வாசலை மிதிக்காமலே அறையில் அமர்ந்து சொல் சமைப்பது எனக்கு உடன்பாடன்று.

ஆகவே வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திற்குக் கவிஞரையோ பேராசிரியரையோ அழைக்க வேண்டாம். நம் பகுதி மெக்கானிக் ஒருவரை அழைப்போம். அவர் பேசட்டும், நாம் குறித்துக்கொள்வோம். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். அன்றுதான் அவருக்கு வேலை மிகுதி.