தந்தையின் மருத்துவக் குறிப்பும் மகளின் உரிமையும்



மரபணு மருத்துவத்தைப் பற்றிப் பேச வருபவர் ஆய்வகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஐஸ்லாந்து நாட்டு வழக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று லட்சம் பேர்கூட இல்லாத நாடாக இருந்தது அது. ஆனால் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த வம்சாவளியும் பல பத்தாண்டு மருத்துவக் குறிப்புகளும் அங்கே இருந்தன. இவற்றோடு மரபணுத் தகவலையும் சேர்த்தால் நோய்களின் வேரைப் பிடித்துவிடலாம் என்று கணக்கிட்டது, காரி ஸ்டெஃபான்சன் 1996இல் தொடங்கிய டிகோட் நிறுவனம். 1998 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. எல்லாருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கலாம்; வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். வாய் திறவாதவரெல்லாம் சம்மதித்தவர். தரவுத்தளத்தை உருவாக்கும் உரிமம் 2000இல் டிகோடுக்குப் போனது.

விவாதமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. செய்தித்தாள்களில் மாதக்கணக்கில் நடந்தது. பெரும்பாலோர் ஆதரிக்கவும் செய்தார்கள். ஆனால் திட்டத்தை வரைந்தபோது மக்களை யாரும் கூப்பிடவில்லை. முகூர்த்தம் குறித்து, மண்டபமும் பிடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதைதான். சுமார் 20,000 பேர் விலகினார்கள்.

பிறகு ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தார். இறந்துபோன தன் தந்தையின் குறிப்புகள் தரவுத்தளத்தில் ஏறக் கூடாது என்றார். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தந்தையின் சார்பில் பேசும் உரிமையை அது அவருக்குத் தரவில்லை. தந்தையின் பரம்பரைக் கூறுகளிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும், ஆகவே இது அவருடைய சொந்த அந்தரங்கம் என்றது. என் பார்வையில் மரபணு மருத்துவத்தின் மையச் சிக்கல் இதுதான். ஒருவர் கையெழுத்துப் போட்டால் அண்ணன், தங்கை, பிறக்கப்போகும் பிள்ளை எல்லாருடைய தகவலும் சேர்ந்தே போகிறது. தனி மனிதரின் ஒப்புதல் வேண்டும். அது மட்டும் போதாது.

தரவுத்தளம் கடைசிவரை உருவாகவில்லை. ஆனால் அதே நிறுவனம் தனித்தனியே ஒப்புதல் கேட்டு நடத்திய ஆய்வுகளுக்கு, வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். மக்களுக்கு அறிவியல் பிடிக்காது என்று அலுத்துக்கொள்ளும் நிபுணர்கள் இதைக் கவனிக்கட்டும்.

அந்த ஆய்வுகளிலிருந்தும் ஒரு கேள்வி முளைத்தது. புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணுப் பிறழ்வு யாரிடம் இருக்கிறது என்று நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடிந்தது. கேட்காதவரிடம் சொல்லலாமா? நெடுநாள் வாதத்துக்குப் பிறகு, விரும்புகிறவர் தாமே கேட்டறிய 2018இல் வழி திறந்தது. சொல்வதா வேண்டாமா என்பது ஆய்வகம் முடிவு செய்யும் விஷயமல்ல. இங்கிலாந்தில் பச்சிளங்குழந்தைகளின் முழு மரபணுத்தொகுதியைப் படிக்கும் ஆய்வைத் தொடங்கும் முன்பே, 2021இல் பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அந்த வரிசைதான் சரி.

நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டம் திரட்டிய ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் நம் சமூகத்தில், ஒரு குழுவைப் பற்றிய மரபணு முடிவு அந்தக் குழுவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாணவர்களே, இத்தகைய ஆய்வுகளின் விதிகளை வகுக்கும் குழுக்களில் நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இடம் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள்.