கடல் கடந்த உறவும் நம் பூர்வீக ஊரும்

(புளியந்தோப்பில் நடைபெற்ற சங்க மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)

  

"பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார், கப்பலேறிப் போனார், பின்பு தகவல் இல்லை" என்னும் பேச்சு வழங்காத குடும்பம் நம்மில் அரிது. போன இடம் நேட்டால் என்பர் சிலர். மொரீசு, பிஜி, பினாங்கு, இரங்கூன் என்பர் வேறு சிலர். ஊர்ப்பெயரும் மறந்து "அக்கரைச் சீமை" என்று மட்டும் சொல்வோரும் உளர். அவ்வாறு அறுந்த உறவைத் தேடுவது எங்ஙனம் என்பதையும், அதில் புளியந்தோப்பு வாசிகளாகிய நமக்குள்ள தனிக் கடமை யாது என்பதையும் இன்று ஆராய்வோம்.

1834-ஆம் ஆண்டு முதல் மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின்பேரில் அனுப்பப்பட்டனர். 1860 அக்டோபர் 12-ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலுக்கு முதற் கூட்டத்தாரைச் சென்னையிலிருந்து ஏற்றிச் சென்றது. இன்று நாம் காணும் துறைமுகம் அக்காலத்தில் இல்லை. அலைகளுக்கிடையே படகிலேறிச் சென்றே கப்பலை அடைதல் வேண்டும். 1911 வரையில் நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர். பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் அனுப்புதல் 1903-ல் தொடங்கி 1916-ல் நின்றது.

இவர்கள் சுவடின்றி மறைந்தார்கள் என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. தோட்ட முதலாளிக்குக் கூலியின் கணக்கு வேண்டியிருந்தமையால், அரசாங்கத்தார் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உயரம், உடலிலுள்ள மச்சம் வடு முதலிய அடையாளம் யாவும் எழுதி வைத்தனர். நேட்டால் கப்பல் ஏடுகள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஆவணக் காப்பகத்திலும், பிஜியின் குடியேற்றச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திலும், மொரீசு ஏடுகள் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திலும் இருக்கின்றன. மொரீசு ஏடுகளிற் பலருடைய புகைப்படங்களும் உண்டு. அடிமைக்கு ஒப்பாக நடத்தினவர்கள் தம் ஆதாயத்துக்காக எழுதிய எழுத்தே இன்று பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறது.

ஆயினும் அவ்வேடுகளைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தவாறே பெயரை எழுதினர். முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முதலி 'மூட்லி' ஆனார். முதலிற் சென்றவருடைய பெயரே பின்சந்ததியார் அனைவருக்கும் குடும்பப் பெயராகவும் ஆயிற்று. சாதி என்னும் கட்டத்தையும் முழுதும் நம்புதற்கில்லை. தமிழர் பலரை 'மலபார்' என்றே பொதுப்பட எழுதிவிட்டனர். பிறப்பில் இல்லாத பட்டத்தை அக்கரையிற் சூடிக்கொண்டோரும் உண்டு. ஆதலின் ஆளை இன்னார் என்று நிச்சயப்படுத்துவன தகப்பன் பெயரும் கிராமமுமே.

இங்கேதான் நம் கடமை வருகிறது. டர்பனிலிருந்தோ பிஜியிலிருந்தோ ஒருவர் அச்சீட்டின் நகலைக் கையிற்கொண்டு இந்நாட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் செங்கற்பட்டு ஜில்லாவிலோ வட ஆர்க்காட்டிலோ உள்ள ஒரு கிராமத்தின் பெயர் இருக்கும். அவர் அங்கே போய் விசாரிக்கிறார். "அக்குடும்பத்தார் பட்டணம் போய் மூன்று தலைமுறை ஆயிற்று" என்ற விடையே கிடைக்கிறது. நம் முன்னோர் துறைமுகத்திலும், இரயில்வே பட்டறையிலும், 1996-ல் மூடப்பட்ட பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலும் பிழைப்பு நாடி இப்பேட்டைக்கு வந்தவர்கள் அல்லரோ? கடல் கடந்தவர் ஊரை விட்டார்; நாமும் ஊரை விட்டோம். சீட்டிலே புளியந்தோப்பு என்று எழுதியிராது. நம் பூர்வீகக் கிராமத்தின் பெயரை நாம் மறந்தால், தேடி வருபவர் நம் வாயிலைக் கடந்து போனாலும் அறியோம்.

ஜில்லா எல்லைகளும் மாறிவிட்டன. பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911-ல் சித்தூர் ஜில்லாவாயிற்று. இப்பொழுது சித்தூர் ஆந்திர நாட்டைச் சேர்ந்தது. திருத்தணி 1960-ல் நம் மாகாணத்தோடு திரும்பச் சேர்ந்தது. எஞ்சிய வட ஆர்க்காடு இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களாய் நிற்கின்றது. ஆகையால் கிராமத்தோடு பழைய தாலூகாவின் பெயரையும் அறிந்து வைத்தல் அவசியம்.

கங்காணி வழியாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றவர் விஷயம் வேறு. அவர்களுக்கு இத்துணை விரிவான சீட்டை எதிர்பார்த்தல் கூடாது. கங்காணியின் பெயர், தோட்டத்தின் பெயர், பழைய கடித உறை ஆகியவையே சான்று. 1942-ல் ஜப்பானியர் மலேயாவைக் கைப்பற்றியபின், தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர்; மிகப் பலர் அங்கேயே மாண்டனர். அவ்வாண்டோடு கடிதம் நின்ற வீட்டார் இதனையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியே தீரவேண்டும். பிஜிக்கு ஆள் சேர்க்கையில் 100 ஆடவருக்கு 40 பெண்டிர் என்பது விதி. கணவனை இழந்தவர், புக்ககத்துக் கொடுமைக்கு ஆற்றாதவர், பஞ்சத்தில் கைவிடப்பட்டவர் எனத் தனித்துச் சென்ற பெண்கள் பலர். குடும்ப மானம் கருதி அவர்கள் பெயரை வீட்டிலே எடுப்பதில்லை. அண்ணன் தம்பியைத் தேடுகிற நாம் அக்காள் தங்கையைத் தேடாதிருப்பது நியாயமாகுமா? தேடி வருபவர் வேற்று மதத்தவராயிருக்கலாம். வேற்றுக் குலத்திற் கலந்தவராயிருக்கலாம். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவராயிருக்கலாம். "சொத்தில் பங்கு கேட்க வந்தாரோ" என்று சிலர் அஞ்சுவதும் உண்டு. கடல் கடந்து வருகிறவர் பெரும்பாலும் கேட்பது, தம் முன்னோர் குடியிருந்த தெருவையும் கும்பிட்ட கோயிலையும் காட்ட வேண்டுமென்பதே. குலம் கெட்டவர் என்று அவரை வாயிலில் நிறுத்துவோமாயின், உறவை இரண்டாம் முறை அறுத்தவர் நாமே ஆவோம்.

ஆதலால் நம் சங்கத்தில் ஒரு குடும்ப ஏடு திறக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டாரும் பூர்வீகக் கிராமம், பழைய தாலூகா, குலதெய்வம், பாட்டன் பூட்டன் பெயர், அக்கரை சென்ற ஆண் பெண் இருபாலார் பெயர், அவர்கள் சென்ற காலம் ஆகியவற்றை அதிற் பதிய வேண்டும். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2023-ல் 'வேர்களைத் தேடி' என்னும் திட்டம் வகுத்து அயல்நாட்டுத் தமிழ் இளைஞரை இங்கே அழைக்கத் தொடங்கினர். வருகிறவர்க்கு விடை சொல்ல நம்மிடம் ஏடு இருத்தல் வேண்டாமா? எண்பது வயது கடந்த மூதாட்டியார் வீட்டில் உள்ளோர் அவர் வாய்மொழியை இவ்வாரமே எழுதிக்கொண்டு வருமாறு பணிவுடன் வேண்டி, இவ்வளவில் நம் உரையை முடிக்கிறோம்.